நாள்காட்டி பார்த்து விழும் நீர்வீழ்ச்சி



நோர்வேயில் ஒரு நீர்வீழ்ச்சி ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 20ஆம் திகதி விழத் தொடங்கி, ஓகஸ்ட் 20ஆம் திகதி நின்றுவிடுகிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் திகதி மாறுவதில்லை. மேலே மலையில் ஒரு கதவு திறக்கப்படுகிறது, இரண்டு மாதத்தின் பின் மூடப்படுகிறது. மிச்சப் பத்து மாதமும் அங்கே பெரும்பாலும் ஈரமான கரும்பாறைதான்.

அதன் பெயர் மார்டால்ஸ்பொஸ்ஸன். நாட்டின் மேற்கே, மூரெ ஒக் ரூம்ஸ்டால் மாவட்டத்தில், ஐகெஸ்டால் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. மார்டோலா என்ற ஆறு மலைவிளிம்பில் வந்து, ஏறத்தாழ 300 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுந்து, பிறகு பல படிகளில் இறங்குகிறது. எல்லாப் படிகளையும் சேர்த்தால் உயரம் 650 மீட்டருக்கு மேல். வட ஐரோப்பாவின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

கடந்த கோடையில் குடும்ப முகாம் முடிந்து திரும்பும்போது, நான்கு கார்களில் அங்கே போயிருந்தோம். இதை எழுதும் நாங்கள் சபையிலுள்ள மூன்று தாதியர். எழுதுவது ஒரு கை என்றாலும் பேசி முடிவெடுத்தது மூவரும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது முகத்தில் சாரல் விழுந்தது. சின்னவர்கள் கத்தி விளையாடினார்கள். அறிவிப்புப் பலகையை வாசித்த ஒரு பெரிய பிள்ளைதான் கேட்டாள்: “அன்ரி, இது ஓகஸ்ட் 20க்குப் பிறகு வாறவைக்கு இல்லையா?” இல்லையென்று சொன்னோம். “அப்ப இது உண்மையான நீர்வீழ்ச்சியா, இல்லாட்டி குழாயா?”

அந்தக் கேள்விக்கு வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்திலும் பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் இப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம். நீர்மின்சாரத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. உயரம் கூடினால் கொஞ்சத் தண்ணீரிலும் நிறைய மின்சாரம் எடுக்கலாம். ஆகவே எங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரியும் அதே உயரம்தான் பொறியியலாளரின் கண்ணிலும் படுகிறது. மலை உச்சியிலிருக்கும் ஏரியை அணை கட்டி உயர்த்தி, நீரைப் பாறைக்குள் குடைந்த சுரங்கத்தால் இறக்கி, கீழே சுழலியைச் சுற்ற விடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் பனி உருகி ஆறுகள் பெருகுவது மே, ஜூன் மாதங்களில். வீடுகளைச் சூடாக்க மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவதோ ஜனவரியில். கோடைத் தண்ணீரைக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பதே நீர்த்தேக்கத்தின் வேலை. அப்படிச் சேர்த்தால், ஆறு தன் இயல்பில் பெருக வேண்டிய காலத்தில் நீர் ஏரியில் தங்கிவிடும். நோர்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு இப்படித்தான் வருகிறது. நிலக்கரிப் புகை இல்லாமல் இந்த நாடு வெளிச்சமாக இருப்பதற்குக் காரணம் ஆறுகளே.

மார்டோலாவின் விஷயத்தில் ஒரு விசேஷமும் இருந்தது. நீர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே இறங்கவில்லை. மலையில் மறித்து, சுரங்கம் வழியாக மேற்கே ரூம்ஸ்டால் பக்கம் திருப்பி, கிரீட்டன் மின்நிலையத்துக்குக் கொண்டுபோவதே திட்டம். அதாவது ஐகெஸ்டால் மக்களின் ஆறு, பக்கத்துப் பள்ளத்தாக்கின் மின்சாரமாக மாறும். ஆற்றை இழப்பவர்கள் ஒரு பக்கம், வேலையும் வருமானமும் பெறுபவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் சாதாரண நோர்வேஜியக் குடும்பங்கள்தான் இருந்தன.

1970ஆம் ஆண்டு கோடையில் ஐகெஸ்டால் மக்களும், வெளியிலிருந்து வந்தவர்களும் அந்த மலையில் கூடாரம் அடித்தார்கள். கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் போய் அமர்ந்தார்கள். கல் எறியவில்லை, இயந்திரத்தை உடைக்கவில்லை. பொலிஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனது. அப்படித் தூக்கப்பட்டவர்களில் ஒருவர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஆர்னே நெஸ். அவருக்கு அப்போது வயது 58. இன்னொருவர் சிக்முண்ட் க்வாலோய். இயற்கையைக் காக்க அகிம்சை வழியில் சட்டத்தை மறுப்பது நோர்வேயில் பெரிய அளவில் நடந்தது அதுவே முதல் தடவை என்று சொல்வார்கள்.

இந்த வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆர்னே நெஸ் பல ஆண்டுகளாகக் காந்தியைப் படித்தவர், காந்தியின் அரசியல் ஒழுக்கம் பற்றிப் புத்தகமே எழுதியவர். எதிரியை வெறுக்காதே, பொய் சொல்லாதே, உன் உடலை மட்டும் முன்வை என்ற பாடம் எங்கள் பக்கத்து உலகத்திலிருந்து புறப்பட்டு, நோர்வேயின் ஒரு மலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. இங்கே வளரும் நீங்கள், ‘எங்கள் பக்கத்திலிருந்து இந்த நாட்டுக்கு என்ன வந்தது’ என்று யோசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எதிர்ப்பாளர்களுக்கும் எதிர்ப்பு இருந்தது. ரூம்ஸ்டால் பக்கத்து மக்கள் மலைக்கு ஏறி வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், நகரத்திலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தை ஒரு வரியில் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

நாங்கள் மூவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள், 1990களின் பிள்ளைகள். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் வரவேயில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டுத் திரி வைத்து எரிக்கும் விளக்குக்கு ‘சிக்கன விளக்கு’ என்று பெயர். அதன் கீழேதான் எழுத்துப் பழகினோம். பற்றரிக்குத் தடை என்பதால், வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துபோகும். வைத்தியசாலைகளில் லாம்பு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகளை எங்கள் அம்மாமார் இன்றும் பெயர் சொல்லி நன்றியோடு நினைக்கிறார்கள்.

அந்த நாட்களில் பெரியவர்கள் அடிக்கடி சொன்ன ஒரு சொல் ‘லக்சபான கரண்ட்’. “லக்சபான எப்ப திரும்ப வருமோ” என்பார்கள். எங்களுக்கு அது மின்சாரத்தின் பெயர், அவ்வளவுதான். வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, லக்சபான என்பது மலையகத்தில் ஒரு நீர்வீழ்ச்சியின் பெயர் என்று. 1950இல் அங்கே நீர்மின் நிலையம் தொடங்கியது. நாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு நீர்வீழ்ச்சிக்காக யாழ்ப்பாணம் பல வருஷம் ஏங்கிக் காத்திருந்தது.

இப்போது நாங்கள் வேலை செய்யும் விடுதிகளை எண்ணிப் பாருங்கள். இரவு மூன்று மணிக்கு எல்லாரும் தூங்கும்போது, மூச்சு இயந்திரம் விடாமல் வேலை செய்கிறது. குறைமாதக் குழந்தை கதகதப்பான பெட்டிக்குள் படுத்திருக்கிறது. மருந்து செலுத்தும் பம்ப் துளித்துளியாக எண்ணுகிறது. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு ஒரு தடவை இரத்தம் சுத்திகரிக்க 120 லீட்டர் அளவு சுத்தமான நீரும் பல மணி நேர மின்சாரமும் தேவை. வாரத்துக்கு மூன்று தடவை. அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்குகிறார் என்றால், அதற்குப் பின்னால் எங்கோ ஒரு ஆறு சுரங்கத்துக்குள் இறங்குகிறது. அணை என்றாலே பாவம் என்று எழுத எங்கள் கை வரவில்லை.

ரியூக்கன் என்ற இடத்தைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கேயும் 100 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு நீர்வீழ்ச்சி இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஓவியர்களும் பயணிகளும் தேடி வந்தார்கள். 1911இல் வேமோர்க் மின்நிலையம் வந்தது. அன்று உலகத்திலேயே பெரிய நிலையங்களில் ஒன்று. நீர்வீழ்ச்சி ஓய்ந்தது. அந்த மின்சாரத்தால் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து உரம் செய்தார்கள். அந்த உரம் வயல்களுக்குப் போனது, வயல் அப்பமானது. இழப்பும் உண்மை, அப்பமும் உண்மை.

அப்படியானால் வேதம் என்ன சொல்கிறது? ஆதியாகமம் 2:15ஐ எடுத்துப் பாருங்கள். மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது தேவன் இரண்டு வேலை கொடுத்தார்: அதில் உழைப்பது, அதைக் காவல் செய்வது. உழைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் தோட்டம் தொழிற்சாலையாகிவிடும். காப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் பசித்தவனுக்குப் பதில் இல்லை. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்திருக்கிறார். அதனால்தான் இது கஷ்டம்.

இன்னொரு பகுதி 1 இராஜாக்கள் 21. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜா கேட்கிறான். சும்மா கேட்கவில்லை, அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் பணம் தருகிறேன் என்கிறான். கேட்பதற்கு நியாயமான நட்டஈடு போலவே இருக்கிறது. நாபோத் மறுத்ததற்குக் காரணம் விலை அல்ல. அது பிதாக்களிடமிருந்து வந்த சுதந்தரம். சில பொருள்களுக்கு விலை கட்ட முடியாது என்று ஒரு சாதாரண மனிதன் ராஜாவிடம் சொன்னான். நோர்வேப் பாராளுமன்றம் ஆகாப் அல்ல, அது மக்கள் தெரிந்தெடுத்த சபை. ஆனாலும் பெரிய திட்டம் வரும்போது, ‘யாருடைய சுதந்தரம் இது, அவர்களிடம் கேட்டோமா’ என்ற நாபோத்தின் கேள்வி எந்த நாட்டிலும் செல்லும்.

மலையகத்திலும் அது கேட்கப்பட்டது. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் பேசப்பட்டபோது பல நீர்வீழ்ச்சிகளுக்கு ஆபத்து என்று எதிர்ப்பு எழுந்தது. திட்டம் குறைக்கப்பட்டது. ஆனாலும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பாயும் கொத்மலை ஓயாவை மறித்து அணை வந்தது. ஜப்பானியக் கடனில் கட்டப்பட்ட அந்த 150 மெகாவாட் நிலையம் 2012இல் திறக்கப்பட்டது. இன்று சென் கிளேயரிலும் பகல் நேரத்துக்கென்று அளந்துதான் நீர் விடுகிறார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு மாறின. அந்த மலைகளில் நூறு வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்த எங்கள் சனங்களின் பல லயங்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தித்தான் வந்தது. எங்கள் சபையில் தலவாக்கலைப் பக்கத்துக் குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தேநீரோடு ஒரு மாலை போதாது.

வடக்கே பின்மார்க்கில் ஆல்டா ஆற்றுக்கும் இதே கதை. முதல் வரைபடத்தில் மாசே என்ற சாமி மக்களின் கிராமம், தேவாலயம் உட்பட, நீருக்குள் போக வேண்டியிருந்தது. மக்கள் எழுந்து நின்றதால் கிராமம் தப்பியது. ஆனால் சிறிதாக்கப்பட்ட திட்டத்தையும் அவர்கள் எதிர்த்தார்கள். 1979இல் ஒஸ்லோவில் பாராளுமன்றத்தின் முன் சாமி வாலிபர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரிக் குளிரில் சுமார் 600 பொலிசார் போய், சங்கிலியால் தங்களைப் பிணைத்திருந்தவர்களை அகற்றினார்கள். அணை 1987இல் முடிந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தின் பின் நாடு சாமி மக்களைப் பார்த்த விதம் மாறியது. 1989இல் சாமி பாராளுமன்றம் திறக்கப்பட்டது. அதே 80களில்தான் எங்கள் அண்ணாமார் பலர் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். தாய்மொழிக்காகவும் நிலத்துக்காகவும் போராடிய இன்னொரு சனத்தின் அயலில் வந்து இறங்கியிருக்கிறோம் என்பது அவர்களில் எத்தனை பேருக்கு அன்று தெரிந்திருக்கும்?

மார்டோலாவில் எதிர்த்தவர்கள் தோற்றார்கள். கிரீட்டன் நிலையம் 1975இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் 1972இல் நோர்வேயில் சுற்றாடல் அமைச்சு உருவானது. 1973இல் ஆறுகளைக் காக்கும் முதலாவது திட்டத்தைப் பாராளுமன்றம் ஏற்றது. பிறகு பல கட்டங்களில் அது விரிந்து, இன்று ஏறத்தாழ 390 நீர்த்தொகுதிகள் மின்சாரத்துக்காக மறிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஒரு மலையில் அமர்ந்தவர்கள் மட்டும் இதையெல்லாம் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் அமர்ந்த பிறகு, ‘எல்லா ஆறும் மின்சாரத்துக்கே’ என்று யோசிக்காமல் பேசுவது கஷ்டமாகிவிட்டது. தாங்கள் காக்க வந்த நீர்வீழ்ச்சியை அவர்களால் காக்க முடியவில்லை. தங்களுக்கு முகம் தெரியாத பிள்ளைகளுக்காக வேறு நீர்வீழ்ச்சிகள் தப்பின.

மார்டால்ஸ்பொஸ்ஸனில் நாங்கள் பார்த்த நீருக்கு சட்டத்தில் உள்ள பெயர் ‘மின்ஸ்தவான்ஃபோரிங்’, அதாவது குறைந்தபட்ச நீரோட்டம். தாதியர் எங்களுக்கு அந்தச் சொல் உடனே பிடிபட்டது. நோயாளியின் கையில் ஊசி ஏற்றி, மணிக்கு இத்தனை மில்லிலீட்டர் என்று பம்பில் எண்ணை அழுத்துவது எங்கள் அன்றாட வேலை. உயிர் தங்குவதற்கு அது போதும். ஆனால் அது வாய்நிறையத் தண்ணீர் குடிப்பது அல்ல. நோயாளி எழும்பி, தானே ஒரு கோப்பையை எடுத்துக் குடிக்கும் நாளைத்தான் விடுதியில் எல்லாரும் காத்திருப்போம்.

இரண்டு மாத நீர் மனிதக் கண்ணுக்குப் போதும், ஏனென்றால் நாங்கள் விடுமுறையில்தான் வருகிறோம். சாரல் வருஷம் முழுதும் நனைப்பதால் மட்டும் வாழும் பாசிகளுக்கும் செடிகளுக்கும் அது போதாது. நோர்வேயின் தேசியப் பறவையான பொஸ்ஸகால், உறையாத ஓடும் நீருக்குள் முக்குளித்து இரை தேடும். அதற்கு ஜனவரியிலும் ஆறு வேண்டும். அதற்குச் சுற்றுலாக் காலம் கிடையாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறோம்.

முதலாவது, இந்த நாட்டில் ஒரு ஆற்றில் மின்நிலையம் கட்ட விண்ணப்பம் வந்தால், நீர்வள எரிசக்தி இயக்குநரகம் அதைப் பொதுமக்களின் கருத்துக்கு விடுகிறது. ‘ஹோரிங்’ என்பது அதுதான். யாரும் எழுதலாம். எங்கள் அப்பா அம்மாமாருக்கு மொழி தடை. உங்களுக்கு இல்லை. நீங்கள் எழுதும் நோர்வேஜியத்தில் பிழை பிடிக்க ஆளில்லை. ஆதரித்து எழுதினாலும் எதிர்த்து எழுதினாலும், வாசித்து யோசித்து எழுதுங்கள். பழைய அனுமதிகளின் நிபந்தனைகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் மீளாய்வு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. அடைத்த கதவை இன்னும் கொஞ்சம் திறக்கும்படி ஒரு ஊர் கேட்கலாம்.

இரண்டாவது, மின்சாரத்தைச் சும்மா வருவதுபோலப் பாவிக்க வேண்டாம். ஆளில்லாத அறையில் ஹீற்றர் எரிவதும், ஆலய மண்டபத்தில் கூட்டம் முடிந்து விளக்கு எரிவதும் சின்ன விஷயம்தான். ஆனால் எசேக்கியேல் 34:18இல் கர்த்தர் கொழுத்த ஆடுகளைக் கண்டிப்பது எதற்காக? மேய்ந்ததற்காக அல்ல, மிச்சப் புல்லை மிதித்ததற்காக. குடித்ததற்காக அல்ல, மிச்ச நீரைக் கலக்கியதற்காக. தேவைக்கு எடுப்பதில் வெட்கமில்லை. மிச்சத்தை நாசமாக்குவதில்தான்.

மூன்றாவது, மாற்றுக் கருத்துள்ளவரை வெறுக்காமல் பேசப் பழகுங்கள். வாலிபர் கூட்டத்தில் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு ஐகெஸ்டால் விவசாயிகளாகவும் மற்றது வேலை தேடும் ரூம்ஸ்டால் வாலிபராகவும் பேசிப் பாருங்கள். பாதியில் இடத்தை மாற்றுங்கள். கடைசியில் மூன்று கேள்விகளுக்கு எல்லாருமாகப் பதில் தேடுங்கள்: இழந்தவர் யார்? பெற்றவர் யார்? பேச அழைக்கப்படாதவர் யார்?

‘இது உண்மையான நீர்வீழ்ச்சியா, குழாயா’ என்று கேட்ட தங்கைக்கு எங்கள் பதில் இதுதான்: நீர் உண்மை, உயரம் உண்மை, அதைப் படைத்தவரின் மகிமையும் உண்மை. கதவின் சாவி மட்டும் மனிதர் கையில். நாளை அந்தச் சாவியைப் பிடிப்பவர்கள் பொறியியலாளராக, சட்டத்தரணியாக, நகரசபை உறுப்பினராக உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். அப்போது தோட்டத்தில் கொடுக்கப்பட்ட இரண்டு வேலைகளையும் மறக்காதிருக்கக் கர்த்தர் உங்களுக்கு ஞானம் தருவாராக.

அடுத்த வாலிபர் கூட்டத்துக்கு வரும்போது வேதாகமத்தோடு, உங்கள் வீட்டுக்கு மின்சாரம் எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்ற தகவலையும் கொண்டுவாருங்கள்.